சிங்கப்பூரில் பிள்ளைகளோடு ஒரு மாலை

ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் இறக்குவது பேஃப்ரண்ட் ரயில் நிலையத்தில்தான். நாலரை மணிவாக்கில் பக்கத்திலுள்ள கரையோரப் பூந்தோட்டத்தின் (Gardens by the Bay) சிறுவர் நீர்விளையாட்டுப் பகுதியில் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். மாற்றுத்துணி, துண்டு கட்டாயம். திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், மூடியிருக்கும்.

அப்புறம் அதே தோட்டத்தில் 7.45 ஒளிக்காட்சி. அங்குள்ள ராட்சத செயற்கை மரங்களுக்கு அடியில் விரிப்பைப் போட்டு மல்லாந்து படுத்துவிடுங்கள்; உயரமான மரம் 50 மீட்டர், உட்கார்ந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பாட்டிமார் முதலில் கூச்சப்படுவார்கள், விளக்கு எரிந்ததும் சரியாகிவிடும். காசு கிடையாது.

அங்கிருந்து நடந்தே மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்புறம் போனால் 9 மணி நீரொளிக் காட்சி, அதுவும் இலவசம். பசிக்கு லாவ் பா சாட் உணவங்காடிக்குப் பக்கத்துத் தெருவில் சாத்தே, குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி. இரவில் விலங்குகளைப் பார்க்கும் இரவு சஃபாரியை இதே நாளில் திணிக்காதீர்கள். அது இருக்கும் மண்டாய் தூரம், பிள்ளைகள் டிராமிலேயே தூங்கிவிடுவார்கள்.