கை நடுங்கினால் வில் பெரிது: லாங்போ, ரீகர்வ் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் வாங்கிய முதல் வில் 45 பவுண்டு இழுவிசை கொண்டது. முதல் நாள் அதை முழுசாக இழுத்தபோது கை வெடவெடத்தது. அந்த நடுக்கத்தை அன்று பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். ஒரு நாள் அம்பு இலக்கில் படும், மறுநாள் இலக்கைத் தாங்கும் திண்டைக்கூடத் தொடாது. வலது தோளில் ஒரு வலி வந்து குடியேறியது. கடைசியில், என் கூத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் 25 பவுண்டு வில்லைக் கையில் கொடுத்து, "இதுல அஞ்சு அம்பு விடு தம்பி, பாப்போம்" என்றார். ஐந்தும் ஐந்து திசையில் போயின. ஆனால் ஏன் அப்படிப் போயின என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை இழுக்கிற பாட்டிலேயே மூச்சு முட்டிப்போனதால், கை என்ன செய்கிறது, விரல் என்ன செய்கிறது என்று கவனிக்கவே முடிந்ததில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளை எண்ணினால் இருபது முப்பது தேறும். தலையை நாணை நோக்கி நீட்டுவது, இடது தோள் காதுவரை ஏறுவது, முதுகைப் பின்னால் வளைப்பது, கை முகத்துக்கு வருவதற்குள் அம்பை விட்டுவிடுவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து தேடுவார்கள். பெரும்பாலும் நோய் ஒன்றுதான்: தாங்க முடியாத வில்.

காம்பவுண்டு வில்லில் கப்பிகள் இருக்கும். முழுக்க இழுத்தபின் சுமையில் பெரும்பகுதியை அவை வாங்கிக்கொள்ளும். லாங்போ என்ற நீண்ட நேர் வில்லிலும், நுனிகள் முன்னோக்கி வளைந்த ரீகர்விலும் அந்தச் சலுகை கிடையாது. இழுக்க இழுக்கச் சுமை ஏறிக்கொண்டே போகும். மிக அதிகமான சுமை கையில் இருப்பது, நிதானமாகக் குறி பார்க்க வேண்டிய அந்தக் கடைசி நொடியில்தான். ஜிம்மில் 50 கிலோ தூக்குபவருக்கும் இது புதுசு. தோள்பட்டை எலும்புகளை முதுகுப்பக்கம் நெருக்கும் தசைகளை அன்றாட வேலைகளில் நாம் இப்படிப் பயன்படுத்துவதே இல்லை.

வில்லின் லிம்பில், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியில், 30 பவுண்டு, 28 அங்குலம் என்று குறித்திருப்பார்கள். 28 அங்குலம் இழுத்தால் 30 பவுண்டு என்று பொருள். உங்கள் இழுப்பு அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும், அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 3 பவுண்டு மாறும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, அதை 2.5ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் தோராயமாகக் கிடைக்கும். 65 அங்குலம் விரிபவருக்கு 26. அவர் கையில் அந்த 30 பவுண்டு வில் 25 பவுண்டுதான். பெரியவர்களுக்கு 20 முதல் 30 பவுண்டு நல்ல தொடக்கம்; சிறுவர்களுக்கு 10 முதல் 15. சோதித்துப் பார்க்க ஒரு வழி: அம்பைத் தொடுத்து, திண்டுக்கு நேராக நின்று, வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராக இழுத்து, எட்டு நொடி நிறுத்தி, மெதுவாகத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த வில் இப்போதைக்கு வேண்டாம்.

எனக்கு 45 பவுண்டு ஆசை எங்கிருந்து வந்தது என்றால், வரலாற்றிலிருந்து. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982-இல் வெளியே எடுத்தார்கள். அதில் 137 லாங்போக்கள் முழுசாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றின் இழுவிசை 100 பவுண்டுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் 100 இழுத்தால் நாம் பாதியாவது இழுக்கமாட்டோமா என்று நினைத்தேன். கதையின் மறுபாதியைப் பிறகுதான் படித்தேன். அங்கே கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில், வளரும் வயதில் ஒட்டிவிட வேண்டிய தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலே இருந்தது. சிறுவயது முதல் கனத்த வில்லை இழுத்ததுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்கள் உடம்பே வில்லுக்காக வளர்ந்த உடம்பு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் உடம்பு எதற்காக வளர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

முதல் வில்லாக எது என்று கேட்டால், கழற்றி மாட்டக்கூடிய டேக்டவுன் ரீகர்வைத்தான் சொல்வேன். கைப்பிடி அப்படியே இருக்கும். உடம்பு தேறத் தேற லிம்புகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லாங்போதான் மனசுக்குப் பிடிக்கிறது என்றால் தாராளமாக அதையே எடுங்கள், ஆனால் இழுவிசை குறைவாக. 50 அங்குலக் குட்டை வில்கள் பார்க்க அழகாக இருக்கும். இழுத்தால் நாண் கூர்மையாக மடிந்து விரல்களை நெரிக்கும். முதல் வில் 62 அங்குலத்துக்குக் குறையாமல், உயரமானவர்களுக்கு 66, 68 என்று இருப்பது நல்லது.

வில்லை முறிக்கும் தவறுகள்

புராணத்தில் வில்லை ஒடித்தவருக்குக் கல்யாணம் நடந்தது. திடலில் ஒடித்தால் முகத்தில் தையல்தான்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது முதல் குற்றம். வளைந்த லிம்புகளில் சேர்ந்த விசையை வாங்கிக்கொண்டு போகவேண்டியது அம்பு. அது இல்லையென்றால் அத்தனையும் லிம்புக்கே திரும்பும். ஒரே தடவையில் லிம்பு பிளந்துபோன வில்களும் உண்டு. கடையில் வில்லைக் கையில் எடுத்ததும் எல்லோருக்கும் நாணைச் சுண்டிப் பார்க்கத் தோன்றும். இழுங்கள், விடாதீர்கள்.

இதே குற்றத்தைத் தெரியாமலே செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மிக லேசான அம்பு. இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 முதல் 10 கிரெயின் எடை அம்பில் இருக்கவேண்டும். 30 பவுண்டு வில்லுக்கு 300 கிரெயின், அதாவது சுமார் 19 கிராம் அம்பு பொருத்தம். காம்பவுண்டு வில் வைத்திருக்கும் நண்பர் இலவசமாகத் தரும் அம்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். இன்னொன்று, தளர்ந்த நாக். அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் அந்தப் பிளவு தளர்ந்திருந்தால், இழுக்கும்போது அம்பு நழுவிவிடும், விரல் வெறும் நாணை விட்டுவிடும். வில்லைப் படுக்கவைத்த மாதிரி பிடித்து, அம்பை நாணிலிருந்து தொங்கவிடுங்கள். தொங்கவேண்டும். நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழவேண்டும். அந்த அளவுப் பிடிப்பு போதும்.

அடுத்தது நாணேற்றுவது. வில்லை இரண்டு கால்களுக்கு நடுவே விட்டு, தொடையில் முட்டுக்கொடுத்து வளைக்கும் முறையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ரீகர்வ் லிம்பு அகலமும் மெலிசுமானது. தொடை சற்றுக் கோணலாக அழுத்தினாலே அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய லிம்பில் நாண் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கும், ஒரு நாள் கழன்று வீசும். ஸ்ட்ரிங்கர் என்று ஒரு கயிறு கிடைக்கிறது, இரண்டு முனையிலும் உறையோடு. நுனிகளை உறைகளில் மாட்டி, கயிற்றைக் காலால் மிதித்து, கைப்பிடியை நேராக மேலே தூக்கினால் இரண்டு லிம்பும் சமமாக வளையும். நாணின் கண்ணியை மேலே நகர்த்தி வெட்டில் உட்காரவைத்துவிடலாம். கயிற்றைத் தளர்த்துவதற்கு முன் இரண்டு முனையிலும் கண்ணி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் முகத்தை லிம்புக்கு நேராக வைக்கவே கூடாது.

ஏற்றிய நாணுக்கும் கைப்பிடியின் மிகக் குழிந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை பிரேஸ் ஹைட் என்பார்கள். ரீகர்வுக்குப் பொதுவாக 7 முதல் 9 அங்குலம், லாங்போவுக்கு 6 முதல் ஏழரை. செய்தவர் சொன்ன அளவு இருந்தால் அதுவே வேதம். புது நாண் முதல் சில நாள் நீளும். அளவு குறைந்திருந்தால் நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்குச் சேர்த்தால் போதும். பழைய வில்லாக இருந்தால் சற்று இழுபடும் டேக்ரான் நாண்தான். இழுபடாத புதுரக இழைகளின் அதிர்ச்சியைப் பழைய நுனிகள் தாங்காது.

அம்பு வளையும்

அம்பு நேராகக் கிளம்புகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் நாண் தள்ளும்போது அது வளைந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, பாம்பு மாதிரி நெளிந்துதான் போகிறது. எவ்வளவு வளையும் என்பதற்கு ஸ்பைன் என்று ஓர் எண். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய அம்பின் நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் தாழ்கிறதோ, அதை ஆயிரத்தால் பெருக்கியது. அரை அங்குலம் தாழ்ந்தால் 500. எண் பெரிதாக இருந்தால் அம்பு உறுதி என்று எண்ணிப் பலர் தலைகீழாக வாங்கிவிடுகிறார்கள். எண் பெரிதானால் அம்பு அதிகம் வளையும். வலது கைக்காரருக்கு விறைப்பான அம்பு இடப்பக்கமும், அதிகம் வளையும் அம்பு வலப்பக்கமும் ஒதுங்கும். ஆனால் முதல் மூன்று மாதம் இதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கை நிலைக்காத வரை அம்பு எந்தப் பக்கம் போனாலும் அதற்கு ஸ்பைன் பொறுப்பில்லை.

நீளத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இழுப்பு நீளத்தைவிட இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். குட்டை அம்பு முழு இழுப்பில் கைப்பிடியைத் தாண்டி உள்ளே வந்தால், அடுத்து போகும் இடம் உங்கள் உள்ளங்கை. கைப்பிடிக்கு மேலே அம்பு அமரும் தட்டான ஷெல்ஃபிலிருந்தே விடுபவர்களுக்குப் பறவை இறகுதான் சரி. உரசும்போது அது படுத்து எழுந்துவிடும். பிளாஸ்டிக் இறகு மோதி அம்பைத் தள்ளிவிடும்.

கையும் விரலும்

முதல் வாரத்தில் எல்லோரையும் அழவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. இழுக்க இழுக்க, அம்பு ஷெல்ஃபைவிட்டு மெல்ல விலகி, தொப்பென்று கீழே விழும். உடனே வில் சரியில்லை என்று தோன்றும். காரணம் விரல்களில் இருக்கிறது: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அம்பின் பின்முனையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். பயத்தில் வரும் பிடி அது. விரல்களுக்கும் அந்தப் பின்முனைக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி விடுங்கள். நாணை விரல் நுனியில் தொங்கவிடாமல் முதல் கணுவில் கொக்கி போல் மாட்டி, புறங்கையைத் தட்டையாக வையுங்கள். அம்பு தானாக ஷெல்ஃபில் ஒட்டி நிற்கும்.

வில் பிடிக்கும் கை இதற்கு நேர்மாறு. அங்கே பிடிக்கவே கூடாது. கட்டைவிரலுக்குக் கீழுள்ள மேட்டில் வில் சாய்ந்து நிற்கட்டும். இறுக்கிப் பிடித்தால் விடும் நொடியில் வில் திரும்பும். நாண் முன்கையில் அறைந்து நீலமாகக் கன்றிப்போனால், காப்பு கட்டிக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். சுவரில் உள்ளங்கையை ஊன்றி, கையை அசைக்காமல் முழங்கையை மட்டும் சுழற்றிப் பாருங்கள். முழங்கையின் மடிப்பு வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பும். அந்த நிலையில்தான் வில்லைத் தூக்கவேண்டும். நாணுக்கு வழி கிடைத்துவிடும்.

இழுத்த கை முகத்தில் வந்து நிற்கும் இடம் ஆங்கர். நடுவிரலோ ஆள்காட்டி விரலோ வாயோரத்தில், தினமும் அதே இடத்தில். துப்பாக்கிக்கு இருப்பது போன்ற பின்குறி இந்த வில்லில் இல்லை. உங்கள் ஆங்கர்தான் பின்குறி. அது ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் அம்பின் வேகமும் மாறும், உயரமும் மாறும். பிறகு விடுவது. விரல்களைத் திறக்காதீர்கள். கனமான வாளியைத் தரையில் வைத்தபின் பிடி எப்படித் தளர்கிறது? அப்படித் தளர்ந்தால் நாண் தானாகப் போய்விடும், கை தாடையோரமாகப் பின்னால் வழுக்கும். அம்பு எங்கே போகிறது என்று பார்க்க வில் கையைத் தாழ்த்துவதும் பெரிய வியாதி. திண்டில் அது குத்தும் சத்தம் கேட்கும்வரை கை அங்கேயே நிற்கட்டும்.

கிளியின் கண் மட்டும் தெரிந்தது என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது கசக்கும். முதல் சில வாரம் இலக்கே வேண்டாம். திண்டிலிருந்து ஐந்தடியில் நின்று, வட்டத்தாள் எதுவும் ஒட்டாமல், வெறும் திண்டில் விடுங்கள். இலக்கு ஒன்று கண்ணில் பட்டதுமே மனசு அங்கே ஓடிவிடும். விரலையும் முதுகையும் பார்க்க ஆளிருக்காது. பிறகு பத்து மீட்டர், அங்கே அம்புகள் ஒரு கைப்பிடி அகலத்தில் சேர ஆரம்பித்ததும் பதினைந்து. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது அம்பு போதும். களைத்த கை விடும் ஐம்பதாவது அம்பு தப்பைத்தான் மனப்பாடம் செய்கிறது.

வில் வாங்குவதற்கு முன்பே ஆளும் கண் எது என்று பார்த்துவிடுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் அமைத்து, தூரத்துப் பொருளொன்றை அதன் வழியே பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்குப் பொருள் நகராமல் இருக்கிறதோ அதுதான். அது இடக்கண் என்றால், வலது கைக்காரரானாலும் இடக்கை வில்லை ஒரு முறை முயன்று பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு முறை அம்பைப் பிடுங்கியதும் விரலால் தடவிப் பாருங்கள். கார்பன் அம்பாக இருந்தால் இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, கீறல் ஒலி வருகிறதா என்று காது கொடுங்கள். விரிசல் விட்ட அம்பு நாணிலேயே சிதறி, வில் பிடித்த கையில் ஏறும். பிடுங்கும்போது ஒரு கையால் திண்டை அழுத்தி, மறு கையால் அம்பைத் திண்டுக்கு அருகில் பிடித்து, நேராக இழுங்கள். பின்னால் யாரும் நிற்கவில்லையே என்று முதலில் திரும்பிப் பார்த்துவிட்டு.

அந்த 45 பவுண்டு வில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 25-இல் திரும்பத் தொடங்கி, மூன்று வருடத்தில் 38 வரை வந்தேன். அதற்கு மேல் போகத் தேவைப்படவில்லை. மூலையில் சாய்த்து வைத்தால் கீழ் லிம்பு வளைந்துவிடும், வெயிலில் நிற்கும் காரில் விட்டால் ஒட்டுப் பசை இளகிவிடும் என்பதால், சுவரில் இரண்டு முளை அடித்து, நாணைக் கழற்றி, படுக்கைவசமாக மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் முதலில் அதைத்தான் தொடுகிறார்கள். நாண் இல்லாததால் யாராலும் சுண்டிப் பார்க்க முடிவதில்லை.