காலனிப் பேரரசுகளின் சரிவில் வெளியுலகின் பங்கை எழுதுவது எப்படி?

காலனிப் பேரரசுகள் சரிந்ததில் வெளிநாடுகளுக்கு இருந்த பங்கைப் பற்றி எழுதச் சொன்னால், இரண்டாம் உலகப் போர், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஐ.நா. சபை என்று காரணங்களை அடுக்கிவிட்டு முடித்துக்கொள்ளும் வழக்கம் மாணவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அப்படி எழுதினால் எந்தக் காரணம், எப்போது, யார் மீது வேலை செய்தது என்பது தெரியாமலே போய்விடும். ஆகவே ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை பின்தொடருங்கள். டச்சுக்காரர்களிடமிருந்து இந்தோனேசியா விடுபட்ட வரலாறு இதற்கு மிகவும் ஏற்றது.

முதலில் ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் நாட்டுக்குள் நடந்தவற்றையும் வலப்பக்கம் வெளியே நடந்தவற்றையும் தேதிவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தின் முதல் வரி 1945 ஆகஸ்ட் 17: ஜப்பான் சரணடைவதாக அறிவித்த இரண்டே நாளில் இந்தோனேசிய தேசியத் தலைவர்களான சுகர்ணோவும் ஹட்டாவும் விடுதலையை அறிவித்தார்கள். மூன்றரை ஆண்டு ஜப்பானிய ஆக்கிரமிப்பு டச்சு நிர்வாகத்தைக் கலைத்துப் போட்டிருந்தது என்பதை அதற்கு நேர் எதிரே எழுதுங்கள். அடுத்த வரியில், அதே ஆண்டு ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் டச்சுக் கப்பல்களில் சரக்கேற்ற மறுத்ததும், இந்திய மாலுமிகள் அவர்களோடு சேர்ந்து வேலையை நிறுத்தியதும் இடம்பெற வேண்டும். வெளியுலகம் என்பது அரசுகள் மட்டுமல்ல என்பதற்கு இது வலுவான சான்று. பல விடைகளில் இது விடுபட்டுப்போவது எனக்கு வருத்தம் தருகிறது.

பிறகு ஒவ்வொரு நாட்டின் பெயருக்கு அருகிலும், அது எதைக் கொண்டு அழுத்தியது, அதனால் அதற்கு என்ன பயன் என்று கேளுங்கள். 1947 ஜூலையில் டச்சுப் படை முதல் முறை பெரிய அளவில் தாக்கியபோது, சிக்கலை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்குக் கொண்டுசென்றவை இந்தியாவும் ஆஸ்திரேலியாவும்தான். ஐரோப்பாவில் நெதர்லாந்தின் நட்பை இழக்க விரும்பாத அமெரிக்கா தயங்கியது. 1948 செப்டம்பரில் ஜாவாவின் மடியூன் நகரில் எழுந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை, சுகர்ணோ தலைமையிலான இந்தோனேசியக் குடியரசே அடக்கிய பிறகு, அது கம்யூனிஸ்டுகளின் பக்கம் சாயாது என்று தெரிந்து அமெரிக்காவின் கணக்கு மாறியது. டிசம்பர் 19 அன்று டச்சுப் படை குடியரசின் தலைநகரான யோக்யகர்த்தாவைப் பிடித்துச் சுகர்ணோவைச் சிறைப்படுத்தியதும், இந்தோனேசியாவிலிருந்த டச்சு நிர்வாகத்துக்கான மார்ஷல் திட்ட உதவியை, அதாவது போருக்குப் பின் மேற்கு ஐரோப்பாவைச் சீரமைக்கத் தான் கொடுத்துவந்த நிதியுதவியில் அந்தப் பங்கை, அமெரிக்கா நிறுத்தியது. நெதர்லாந்துக்கே வரும் பணமும் நின்றுவிடக்கூடும் என்ற நிலை உருவானது. 1949 ஜனவரியில் நேரு இந்தோனேசியச் சிக்கல் குறித்து டெல்லியில் மாநாடு கூட்டினார். அதே மாதம் 28 அன்று, 1950 ஜூலை 1க்குள் ஆட்சியுரிமையை ஒப்படைக்குமாறு பாதுகாப்பு கவுன்சில் பரிந்துரைத்தது.

வலப்பக்கம் இவ்வாறு நிரம்பி வழியும்போது இடப்பக்கத்துக்குத் திரும்புங்கள். தலைவர்கள் காவலில் இருந்தபோதும் கெரில்லாப் போர் ஓயவில்லை. மார்ச் 1 அன்று குடியரசுப் படையினர் யோக்யகர்த்தாவுக்குள் புகுந்து சில மணி நேரம் நகரைத் தங்கள் வசம் வைத்திருந்தார்கள். அந்தப் போர் அடங்கியிருந்தால், டச்சு அரசு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லி வெளியாரின் குரலைப் புறந்தள்ளியிருக்கும் என்பதே என் கருத்து.

1949 டிசம்பர் 27 அன்று ஆட்சி கைமாறியதோடு விடையை நிறுத்திவிடாதீர்கள். புதிய நாடு 430 கோடி கில்டர் (டச்சு நாணயம்) கடனைத் தலையில் ஏற்க நேர்ந்ததையும், இந்தோனேசியா தனக்கு உரியது என்று கோரிய மேற்கு நியூகினி 1962 வரை டச்சுக்காரர் கையிலேயே இருந்ததையும் கடைசிப் பத்தியில் சேர்த்து, அழுத்தம் கொடுத்தவர்கள் எந்த இடத்தோடு நின்றுகொண்டார்கள் என்பதை அங்கே விளக்குங்கள்.