தேடச் சொல்லிக்கொடுக்கும்போது கல்லூரி நூலகங்கள் செய்யும் தவறுகள்

ஜூலையில் முதலாண்டு மாணவர்கள் இருநூறு பேரைக் கருத்தரங்கக் கூடத்தில் உட்கார வைத்து, நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், ஒருவருக்கு எத்தனை புத்தகம், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்நூல்களும் தரும் என்-லிஸ்ட் என்றால் என்ன, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா என்றால் என்ன என்று ஒரே மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடுகிறோம். இதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு நிஜமாகத் தேவைப்படுவது ஆறாவது செமஸ்டரில் புராஜெக்ட் எழுதும்போது. நடுவில் இரண்டரை வருஷம். கல்லூரி நூலகராக நானும் பல வருஷம் இப்படித்தான் செய்தேன். இருக்கிற தவறுகளில் பெரியது இதுதான், மற்றவற்றில் பாதி இதிலிருந்தே வருகிறது.

கையில் ஒரு கேள்வி இல்லாதவருக்குத் தேடச் சொல்லிக்கொடுக்க முடியாது. முதல் நாளில், நூலகம் எங்கே இருக்கிறது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, அது போதும். மீதியைத் தலைப்பு கொடுத்த வாரத்தில் வையுங்கள், துறை ஆசிரியரிடம் பேசி இரண்டு பீரியடு வாங்கி, இருபது இருபது பேராக, கம்ப்யூட்டர் முன்னால். ஆசிரியரும் கூட உட்கார்ந்தால் இன்னும் நல்லது. தலைப்பு அகலமாக இருந்தால் அங்கேயே சுருக்கிக் கொடுத்துவிடுவார்.

அப்புறம், தளங்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பது. பெயர் தெரிந்தால் தேடத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். போன வருஷம் ஒரு பி.காம். மாணவி வந்து, "சார், என் தலைப்புக்கு எதுவுமே கிடைக்கல" என்றாள். தலைப்பு, திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் ஜிஎஸ்டியின் தாக்கம். "எப்படித் தேடினேம்மா, காட்டு" என்றேன். தலைப்பை ஆங்கிலத்தில் ஒரு எழுத்து விடாமல் அப்படியே அடித்திருந்தாள். ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போட்டோம்: ஊர், தொழில், வரி. ஊர்ப்பெயரில் ஆங்கில 'பி' எழுத்தை ஒன்று போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, இரண்டு போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. தொழிலுக்கு நிட்வேர், ஹோசியரி, கார்மென்ட் என்று மூன்று சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1, அதற்கு முன்னால் வந்த கட்டுரைகள் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் உதவும். இப்படி ஒவ்வொரு பத்தியிலிருந்தும் ஒரு சொல்லை எடுத்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில், அரை மணி நேரத்தில் படிக்கவேண்டிய ஏழெட்டுக் கட்டுரைகளை அவளே பிடித்துவிட்டாள். அந்தத் தாள்தான் வகுப்பு. அதை விட்டுவிட்டு எந்தத் தளத்தைக் காட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

தமிழ்த்துறை மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம், இதை யாரும் சொல்லிக்கொடுப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். சிலப்பதிகாரத்தை ஆங்கில எழுத்தில் தேடும்போது நம் பிள்ளைகள் 'எஸ்' எழுத்தில் தொடங்குவார்கள். ஆனால் வெளிநாட்டு நூலகப் பட்டியல்களிலும் பல ஆய்வுக் கட்டுரைகளிலும் தமிழ்ப் பேரகராதி வழியிலான எழுத்துபெயர்ப்பைப் பின்பற்றுவதால் அது ஆங்கில 'சி' (C) எழுத்தில் தொடங்கும், நடுவில் வரும் 'தி'யும் 'எச்' இல்லாமல் வெறும் 'டி'யோடு நிற்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல், ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக என்று தேடிப் பார்க்கப் பழக்குங்கள்.

சில நூலகர்கள் பாசத்தில் செய்கிற தவறும் ஒன்று உண்டு. பிள்ளை வந்து கேட்டதும் தாங்களே தேடி, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதைச் சொல்லித்தான் இதைச் செய்கிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் மூன்று வருஷமும் அப்படியே கொடுத்துப் பழக்கினால், எம்.ஏ.வுக்கு வேறு ஊர் போனதும் அந்தப் பிள்ளை திணறும். மிச்சமான நேரத்தைவிட அங்கே போகும் நேரம் அதிகம். மவுஸ் அவர்கள் கையில் இருக்கட்டும், நாம் பக்கத்தில் நிற்போம்.

கருத்துத் திருட்டு பற்றிப் பேசும்போது சதவீதத்தை மட்டும் சொல்வது இன்னொன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறையில் மற்றவர்கள் எழுதியதோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை கிடையாது. 10க்கு மேல் 40 வரை இருந்தால் ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்கவேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதை மட்டும் கேட்ட மாணவர், பத்து சதவீதம் காப்பி அடிக்கலாம் என்று புரிந்துகொள்கிறார். சொற்களை மாற்றிப் போட்டு எண்ணிக்கையைக் குறைப்பதையே வேலையாக வைத்துக்கொள்கிறார். அதற்குப் பதில் ஒரு பத்தியைக் கொடுத்து, படித்துவிட்டு மூடி வைக்கச் சொல்லி, புரிந்ததைச் சொந்தமாக எழுதி, யாருடைய கருத்து என்று குறிப்பிடச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், மூன்றாவது தடவை வந்துவிடும்.

விக்கிப்பீடியா பக்கமே போகாதே, சாட்ஜிபிடி பக்கமே போகாதே என்று தடை போடுவதும் வேண்டாம், எப்படியும் போவார்கள். விக்கிப்பீடியாவில் கீழே இருக்கும் சான்றுகளைத் திறந்து மூலத்துக்குப் போகக் காட்டுங்கள். சாட்ஜிபிடி இல்லாத கட்டுரையைக்கூட ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் எண்ணோடு இருப்பதுபோலவே கொடுத்துவிடும். அதனால் அது சொன்ன இதழின் தளத்துக்குப் போய், அந்த ஆண்டு, அந்த இதழின் பொருளடக்கத்தில் அந்தத் தலைப்பு இருக்கிறதா என்று வகுப்பிலேயே பார்க்க வையுங்கள். இல்லை என்று அவர்கள் கண்ணாலேயே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அதற்கப்புறம் நாம் சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் குரூப் போட்டோவும் வாங்கிவிட்டால் பயிற்சி முடிந்தது என்று நினைக்காதீர்கள். புராஜெக்ட்டோடு ஒரு பக்கம் தேடல் குறிப்பும் சேர்த்துக் கேளுங்கள்: எந்தச் சொற்களைப் போட்டேன், எங்கே தேடினேன், எதை ஏன் விட்டேன். படித்தால் யாருக்கு எங்கே சிக்கல் என்று தெரிந்துவிடும். ஆனால் வகுப்பு ஒழுங்காக நடந்தால்தானே குறிப்பு வரும்? அதனால் வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே எல்லாருடைய என்-லிஸ்ட் பாஸ்வேர்டும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பலருக்குப் பாஸ்வேர்டு வந்த மெயில் ஸ்பாமில் கிடக்கும்.