பழைய காரைச் சுவரைப் பழுதுபார்க்கையில் செய்யக்கூடாதவை

செட்டிநாட்டு வீடோ, சேப்பாக்கம் அரண்மனையோ, நூறு வருடம் தாண்டிய நம்மூர்ச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது. அதைச் செப்பனிட, ஊறவைத்த தண்ணீரைச் சாந்தில் கலப்பதற்காக இன்று பலரும் கடுக்காயும் வெல்லமும் தேடுவது நல்ல விஷயம். ஆனால் அவை சேர்ந்துவிட்டாலே சாந்து உறுதியாகிவிடும் என்று நம்பி, மற்றதில் அவசரப்படுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, “சீக்கிரம் இறுகட்டும்” என்று ஒரு சட்டி சிமெண்டைக் கலப்பது. பழைய செங்கல் மென்மையானது. தரையிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாக வெளியேற வேண்டும். காரை அதற்கு வழிவிடும், சிமெண்ட் அடைத்துவிடும். ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, அதிலுள்ள உப்பு பூத்து, கல்லின் முகம் மாவாக உதிரும். பிறகு சிமெண்ட் பூச்சைப் பெயர்த்தால் செங்கல்லின் தோலும் கூடவே வந்துவிடும். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். விரிசல் விட்டாலும் சாந்தில் விடட்டும், அதைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

உடைத்த கடுக்காயையும் வெல்லத்தையும் ஒரே இரவு ஊறவைத்து எடுப்பது அடுத்த தவறு. 10, 15 நாள் ஊறி, நுரை கட்டி, புளித்த வாடை வர வேண்டும். இரும்பு டிரம்மில் மட்டும் ஊறவைக்காதீர்கள்; கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து மை போலக் கறுத்து, பூச்சில் கறை விழும். வெல்லத்தைக் கூட்டினால் பலம் கூடும் என்பதும் தப்பு. சர்க்கரைச் சத்து அளவு மீறினால் சாந்து இறுகவே திணறும்.

சுண்ணாம்பு விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். மாதக்கணக்கில் பிரிந்து கிடந்த மூட்டைச் சுண்ணாம்பு காற்றுப்பட்டே செத்திருக்கும். புதிதாகச் சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நிறையத் தண்ணீரில் கொதித்துக் கரையவிட்டு நீற்றி, வாரக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே வைத்திருங்கள். சலிக்காமல் விட்டால், நீறாத துணுக்குகள் பூசிய பிறகு உப்பி, சுவரில் சின்னச் சின்னக் குழிகளாகத் தெறிக்கும்.

மணலையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பழைய சாந்தில் ஒரு துண்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். அந்தப் பருமனுக்கே மணல் தேடுங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது, அதுவே உப்பைக் கொண்டுவந்துவிடும்.

காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகுகிறது, அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். ஒரே தடவையில் கனமாக அப்பினால் உள்ளே பச்சையாகவே நிற்கும். அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் பூசி, வெயில் படாமல் நனைந்த சணல் சாக்கால் மூடுங்கள்.

கடைசியில் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் அதுவும் ஈரத்தை அடைத்து, இவ்வளவு பாடும் வீண். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பே போதும். முழுச் சுவரில் இறங்கும் முன் ஒரு மூலையில் பூசி, ஒரு மழைக்காலம் போகட்டும்.