இடைசெவலில் பிறந்த இருவர்: வாழ்க்கையை வைத்துக் கதை படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது இடைசெவல் என்ற சின்னக் கரிசல் கிராமம். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் (கி.ரா.) கு. அழகிரிசாமியும் அங்கேதான் பிறந்தார்கள். ஏறக்குறைய ஒரே வயது, சிறுபிராயத்திலிருந்தே தோழர்கள். இருவருக்கும் கர்நாடக சங்கீதத்தில் தீராத ஆசை. கவிதை ரசனையைப் பரப்பிய ரசிகமணி டி.கே.சி.யின் அன்பு இருவருக்கும் கிடைத்தது. சாகித்திய அகாதெமி விருதும் இருவருக்கும் வந்தது: அழகிரிசாமிக்கு 1970-இல் 'அன்பளிப்பு' தொகுப்புக்காக, கி.ரா.வுக்கு 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக.

பெயரை மறைத்துவிட்டு இருவரின் கதைகளையும் யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். நாலு வரி படித்ததுமே இது இவர், அது அவர் என்று சொல்லிவிடுவார்கள். கி.ரா. திண்ணையில் உட்கார்ந்து ஆள் சேர்த்துக் கதை சொல்கிறவர். கிளைக்கதை, கேலி, வழக்குச் சொல் எல்லாம் கூடவே வரும். அழகிரிசாமி குரலை உயர்த்த மாட்டார். ஊர் வாசனை தூக்கலாக வராத பொதுத்தமிழில், நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டே போவார். எந்த இடத்தில் நெஞ்சில் கை வைத்தார் என்பது கதை முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

எழுத்தாளர்களைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்களும் வாசகர் கூட்டங்களில் பேசும் நண்பர்களும் இந்த இருவரையும் மனதில் வைத்துக்கொண்டால் பல தவறுகளைத் தவிர்க்கலாம்.

பிறந்த ஊரே எழுத்தைத் தீர்மானித்துவிட்டதாக நினைப்பது

"கரிசல் மண்ணில் பிறந்தார், ஆகவே கரிசல் வாழ்க்கையை எழுதினார்." கி.ரா.வைப் பற்றிய கட்டுரைகளில் இப்படி ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. இந்த 'ஆகவே'தான் சிக்கல். அதே மண்ணில் பிறந்த அழகிரிசாமி ஏன் அப்படி எழுதவில்லை? அவர் சென்னைக்குப் போனார், பத்திரிகைகளில் வேலை பார்த்தார், மலேயாவில் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் சில ஆண்டுகள் இருந்தார், அதனால் ஊரிலிருந்து விலகிவிட்டார் என்று சொல்லலாம். அதுவும் அரைகுறைப் பதில்தான். 'ராஜா வந்திருக்கிறார்' முழுக்க முழுக்கக் கிராமத்துக் கதை. ஊரை அவர் விட்டுவிடவில்லை, ஊரை எந்த மொழியில் சொல்வது என்பதில் வேறு முடிவு எடுத்தார்.

கி.ரா.வின் மொழியும் ஒரு முடிவுதான். அவர் வீட்டில் பேசியது தெலுங்கு. தாய்ப்பாலோடு வந்த பேச்சுத்தமிழ் தானாகக் கதைக்குள் ஒழுகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. கரிசல் வட்டார வழக்குக்குத் தனியாக ஓர் அகராதியே தொகுத்தவர் அவர். ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கி, பொறுக்கியெடுத்து, எங்கே வைத்தால் விளங்கும் என்று பார்த்து வைத்த உழைப்பு அது. அதை 'மண்ணின் இயல்பு' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவது அந்த உழைப்புக்குச் செய்யும் அநீதி.

எழுத்தாளர் தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது

மழைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒதுங்கினேன், அப்போதும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று கி.ரா. சொன்னது பிரபலம். படிக்காத மேதை என்ற பட்டத்துக்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டது உண்மை. சங்கீதம் கற்றதும், டி.கே.சி.யிடம் கவிதை கேட்டதும், பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்ததும் அதே அளவு உண்மை. தன் வாழ்க்கையைக்கூட அவர் கதையாகத்தான் சொல்லுவார். பேட்டியும் ஓர் எழுத்தாளரின் ஆக்கமே, அதையும் கதையைப் போலவே கவனித்துப் படிக்க வேண்டும்.

'நான்' என்று வந்தால் அது ஆசிரியர்தான் என்று முடிவு கட்டுவது

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு இதுதான். 'அன்பளிப்பு' கதையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் பத்திரிகை வேலையில் இருக்கும் ஒருவர் 'நான்' என்று சொல்லும் கதை. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவர் அறைக்குள் புகுந்து புத்தகங்களை அள்ளுகிறார்கள். அவருக்கும் அவர்கள்மேல் உயிர். புது வருஷத்துக்கு இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. அவன் அழுது ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. ஒருநாள் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். போனால் உபசாரம் நடக்கிறது. எல்லாம் முடிந்ததும் ஒரு டைரியை எடுத்துவந்து எழுதித் தரச் சொல்கிறான். என்ன எழுத என்று கேட்டால், தன் பெயரைப் போட்டு, பிரியமுள்ளவனுக்கு அன்பளிப்பு என்று எழுதச் சொல்லி அவனே வாசகத்தையும் சொல்லுகிறான்.

அழகிரிசாமியும் சென்னையில் பத்திரிகை வேலை பார்த்தவர், ஆகவே இது அவருக்கே நடந்த சம்பவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் கதையின் உயிர்நாடி கைநழுவிவிடும். அந்த 'நான்' நல்ல மனிதர், குழந்தைகளை நேசிக்கிறவர். ஆனாலும் பக்கத்திலேயே சுற்றிவந்த ஒரு பையனின் ஏக்கம் கடைசிவரை அவர் கண்ணில் படவில்லை. கதையை எழுதியவர் கண்ணில் அது முதலிலிருந்தே பட்டிருக்கிறது. சாரங்கனின் சின்னச் சின்னக் கேள்விகளையும் தயக்கங்களையும் கதைசொல்லி கவனிக்காத இடங்களில் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். பார்க்கத் தவறுகிறவரும், அவர் தவறவிட்டதை நமக்குக் காட்டுகிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. கதையில் நிஜச் சம்பவத்தின் விதை இருந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் கதையின் அழகு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கொள்கையைக் கொண்டுபோய்க் கதையில் ஒட்டுவது

கி.ரா. பொதுவுடைமை இயக்கத்தில் இருந்தவர், விவசாயிகள் போராட்டத்தில் சிறை போனவர். அவருடைய 'கதவு' கதையில் தீர்வை (நிலவரி) பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவையே கழற்றிக்கொண்டு போகிறார்கள். அரசாங்கத்தின் கொடுமையைச் சாடும் கதை என்று ஒரே வரியில் பலரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

கதைக்குள் போய்ப் பாருங்கள். தகப்பன் மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறான். பிள்ளைகளுக்கு அந்தக் கதவுதான் பஸ். ஏறித் தொற்றிக்கொண்டு ஆட்டி ஆட்டி விளையாடுகிறார்கள். தலையாரி (கிராம அரசு ஊழியர்) ஆட்களோடு வந்து கதவைத் தூக்கிக்கொண்டு போகும்போது, வாயாலேயே நாயனம் ஊதி மேளம் கொட்டிக்கொண்டு ஊர்வலமாகப் பின்னாலேயே போகிறார்கள்! நடப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு குளிர்காற்று அடிக்கிறது, கதவில்லாத வீட்டில் கைக்குழந்தை இறந்துபோகிறது. அந்த ஊர்வலம் இல்லாவிட்டால் இந்த மரணம் இவ்வளவு வலிக்காது. இயக்கம் கி.ரா.வுக்கு அந்த வீட்டைப் பார்க்கிற கண்ணைத் தந்திருக்கும். பிள்ளைகளை மேளம் கொட்டவைத்தது கதைக்காரனின் கைவேலை.

காலத்தைப் புரட்டிப் போட்டு வாசிப்பது

புதுமைப்பித்தன் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கிறது. 'செல்லம்மாள்' 1943-இல் வந்த கதை. நெல்லைப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து ஜவுளிக்கடையில் சம்பளத்துக்கு இருக்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி நோயில் கிடந்து இறந்துபோகிறாள். புதுமைப்பித்தனும் சென்னையில் வறுமைப்பட்டவர், நோயில் இறந்தவர் என்று தெரிந்தவுடன் கதையையும் வாழ்க்கையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுகிறோம். 'ராஜமுக்தி' பட வேலைக்காக அவர் புனே போனதும், காசநோய் முற்றி 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் தம் 42-ஆம் வயதில் காலமானதும் கதைக்குப் பல ஆண்டுகள் கழித்து நடந்தவை. கதையில் போனவள் மனைவி. நிஜத்தில் போனவர் கணவர். அவர் மனைவி கமலா அம்மாள் அவருக்குப் பின் நெடுங்காலம் வாழ்ந்தார். எந்தக் கதை எந்த ஆண்டு வந்தது என்று முதலில் பார்த்துக்கொண்டாலே இந்தத் தவறில் பாதி குறைந்துவிடும்.

வாழ்ந்ததைத்தான் எழுத முடியும் என்று எல்லை கட்டுவது

பெண் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணம் சட்டென்று வந்துவிடுகிறது. ஆர். சூடாமணி சிறுவயதில் வந்த நோயின் பாதிப்பால் பெரும்பாலும் வீட்டோடு இருந்தவர், மணம் செய்துகொள்ளாதவர். ஆனாலும் தாம்பத்தியத்தின் நுட்பமான கசப்புகளை அவர் அளவுக்கு எழுதியவர்கள் குறைவு. அவரைப் படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வாழ்க்கையே கதையாக நிற்கும் இடத்தில் கலையைக் காணத் தவறுவது

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. தலித் கிறிஸ்தவப் பெண்ணாக வளர்ந்ததையும், கன்னியாஸ்திரீ மடத்துக்குள் போய் அதைவிட்டு வெளியே வந்ததையும் மறைக்காமல் சொல்லும் தன்வரலாற்று எழுத்து. இங்கே வாழ்க்கையை ஒதுக்கிவைக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஆனால் சாட்சியம், ஆவணம் என்று மட்டும் சொல்லிவிட்டு வடிவத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அச்சில் 'கொச்சை' என்று தள்ளிவைத்திருந்த பேச்சிலேயே புத்தகம் முழுவதையும் எழுதியது துணிச்சலான இலக்கியத் தேர்வு. நினைவுகள் காலவரிசைப்படி வராமல் முன்னும் பின்னும் போய்வருவதும், ஒரே காயம் வேறு வேறு இடங்களில் திரும்பத் தலைகாட்டுவதும் அந்தத் தேர்வின் பகுதிதான். மற்ற எழுத்தாளர்களிடம் நடையைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு, பாமாவிடம் மட்டும் துயரத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதுவது நியாயமே இல்லை.

கட்டுரை எழுத உட்காரும் மாணவர்களுக்கு நடைமுறையில் ஒரு வழி சொல்கிறேன். வாழ்க்கைக் குறிப்பைத் தொடுவதற்கு முன்னால் கதையை இரண்டு தடவை படியுங்கள். யார் சொல்கிறார்கள், யாருக்குத் தெரிந்தது யாருக்குத் தெரியவில்லை, எந்த இடத்தில் வாக்கியம் நின்றுபோகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வாழ்க்கையைப் படித்துவிட்டு, குறித்து வைத்தவற்றில் எதற்கு அது வெளிச்சம் தருகிறது என்று பாருங்கள். ஆரம்பிக்க 'கதவு', 'ராஜா வந்திருக்கிறார்' இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டிலும் ஏழை வீடு, இரண்டிலும் விளையாடும் பிள்ளைகள், எழுதிய இருவரும் ஒரே ஊர்.

அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கடைசியில் படியுங்கள்.