கிளவுடில் ஏற்றும் வழிகாட்டி: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்படி எழுதுவது எப்படி?

கிளிநொச்சியில் ஒரு சனிக்கிழமை வகுப்பு. நான் உபுண்டுவில் (லினக்ஸில் ஒரு வகை) எழுதிக் கொண்டுபோன வழிகாட்டியைப் பார்த்து, பிள்ளைகள் தங்கள் சின்ன இணையத்தளத்தைக் கிளவுட் சேர்வரில், அதாவது இணையம் வழியாகப் பாவிக்கும் வேறிடத்துக் கணினியில், ஏற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு தங்கச்சி கேட்டா: "அண்ணை, அப்பிடியே பார்த்துத்தான் அடிச்சனான். எனக்கு மட்டும் ஏன் ஓடுதில்லை?" அவவின் லப்டொப்பில் இருந்தது விண்டோஸ். பிழை அவவில் இல்லை, என் வழிகாட்டியில்தான். அதைத் திருத்திய முறை இது.

படி 1: எதில் அடிப்பது என்று சொல்லுங்கள்

"டெர்மினலைத் திறக்கவும்" என்பது போதாது. விண்டோஸில் கொமாண்ட் புரொம்ட், பவர்ஷெல் இரண்டும் உண்டு. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளை நிறுவியிருந்தால் கிட் பாஷும் இருக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே அது எதற்குரியது என்று எழுதுங்கள்.

படி 2: மாறுகிற கட்டளைகளைத் தனித்தனியாகக் கொடுங்கள்

அந்தத் தங்கச்சி தடுக்கியது சூழல் மாறியில், அதாவது நிரல்கள் எடுத்துப் பாவிக்கும்படி பெயரிட்டு வைக்கும் மதிப்பில். லினக்ஸிலும் மேக்கிலும் அது 'எக்ஸ்போர்ட்' என்று தொடங்கும். கொமாண்ட் புரொம்டில் 'செட்'. பவர்ஷெல்லில் டொலர் குறி, அதோடு ஒட்டி 'என்வ்', பிறகு முக்காற்புள்ளி. நீண்ட கட்டளையை அடுத்த வரிக்கு உடைக்கும் குறியும் மாறும்: லினக்ஸில் பின்சாய்வுக்கோடு, பவர்ஷெல்லில் பேக்டிக் (`). புதியவர்களுக்கு உடைக்கவே வேண்டாம், நீண்டாலும் ஒரே வரியில் கொடுங்கள்.

படி 3: திறப்புக் கோப்பு

தூரத்துச் சேர்வருக்குள் பாதுகாப்பாக நுழையப் பாவிப்பது எஸ்எஸ்எச்; நுழைய உரிமை உண்டு என்று காட்டுவது திறப்புக் கோப்பு. எல்லாருக்கும் திறந்து கிடக்கும் திறப்பை எஸ்எஸ்எச் ஏற்காது. லினக்ஸிலும் மேக்கிலும் 'சிஎச்மோட் 400' போதும். பவர்ஷெல்லில் அந்தக் கட்டளை இல்லை. அங்கே 'ஐகேக்ல்ஸ்' மூலம், மேல் போல்டரிலிருந்து வரும் அனுமதிகளை நீக்கி, உங்கள் பெயருக்கு மட்டும் வாசிக்கும் உரிமை கொடுக்க வேண்டும்.

படி 4: கண்ணுக்குத் தெரியாத எழுத்து

என்னை அதிக நேரம் அலைக்கழித்தது இதுதான். லினக்ஸ் ஒரு வரியை ஒரே ஓர் எழுத்தால் முடிக்கும். விண்டோஸ் இரண்டால் முடிக்கும். விண்டோஸில் சேமித்த ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை) சேர்வரில் ஓடவிட்டால், கோப்பு கண்முன்னே இருக்க, "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வரலாம். முதல் வரியில் உள்ள 'பாஷ்' என்ற பெயரின் வாலில் அந்த மேலதிக எழுத்து ஒட்டியிருக்கும். அப்படியொரு நிரலைத்தான் லினக்ஸ் தேடிக் களைக்கிறது. திட்டத்தின் மேல் போல்டரில், பெயர் புள்ளியில் தொடங்கும் 'கிட்அட்ரிபியூட்ஸ்' கோப்பை வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு வரிமுடிவு எப்போதும் 'எல்எஃப்' (லினக்ஸின் அந்த ஒற்றை எழுத்து) என்று எழுதிவிடுங்கள். யார் எந்த லப்டொப்பில் எடுத்தாலும் சரியாக வரும்.

படி 5: பெரிய எழுத்து, சின்ன எழுத்து

படத்தின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, பக்கத்தில் சின்ன எழுத்தில் அழைத்திருந்தால் விண்டோஸும் மேக்கும் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும். லினக்ஸ் சேர்வர் பொறுக்காது, படம் காணாமல் போகும். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில் வையுங்கள்.

நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் 'இமேஜ்' என்ற ஒரே பொதியாகக் கட்டும் டொக்கரைப் பாவிப்பவர்களுக்கு ஒன்று: 2020 இறுதியிலிருந்து வந்த ஆப்பிள் சில்லு மேக்கில் வழக்கம்போல் கட்டிய இமேஜ், சாதாரண இன்டெல் வகைச் சேர்வரில் ஓடாது. கட்டும்போதே தளத்தை 'லினக்ஸ் ஏஎம்டி64' என்று குறிப்பிடுங்கள்.

படி 6: டேட்டாவை நினையுங்கள்

வன்னியில் பல பிள்ளைகள் போன் ஹொட்ஸ்பொட்டில்தான் வேலை செய்கிறார்கள். எவ்வளவு பதிவிறக்க வேண்டும் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். நிறுவ முடியாதவர்களுக்கு கூகுள் கிளவுட் ஷெல்லைக் காட்டுங்கள். அது பிரவுசரிலேயே திறக்கும் லினக்ஸ், எல்லாருக்கும் ஒரே கட்டளைதான்.

படி 7: வேறு லப்டொப் உள்ளவரிடம் கொடுங்கள்

பக்கத்தில் இருங்கள், வாய் திறக்காதீர்கள். எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய வழிகாட்டியை அதே தங்கச்சியிடம்தான் முதலில் கொடுத்தேன். படி 2, படி 3 எல்லாம் தாண்டிப் போனா. பிறகு, "சேர்வர் முகவரி" என்று நான் எழுதியிருந்த இடத்தில் கை நின்றது. அந்த எண்ணை எந்தப் பக்கத்தில் பார்ப்பது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அன்றே ஒரு வரி சேர்த்தேன்.