வாய்ப்பேச்சு வாதத்தைப் பிரித்துப் படமாக வரைவது எப்படி

ஒருவர் சொன்னதை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன், அது எதன்மேல் நிற்கிறது என்று தெரிய வேண்டும். பேச்சில் அது கண்ணுக்குத் தெரியாது. முடிவு முதலில் வரும், காரணம் பின்னால் வரும், பாதிக் காரணம் வாய்க்குள்ளேயே நிற்கும், நடுவில் ஒரு கிண்டலும் கலந்திருக்கும். தாளில் இறக்கினால்தான் எலும்புக்கூடு தெரியும். ஒரு ஏ4 தாள், பென்சில், அழிப்பான், ஒரு சிவப்புப் பேனா போதும். பேனாவால் தொடங்க வேண்டாம். முதல் படம் பெரும்பாலும் அழிக்கத்தான் போகிறது.

முதலில், அது வாதம்தானா?

"மழை பெய்தது, அதனால் தெரு நனைந்திருக்கிறது." இது வாதம் இல்லை. தெரு நனைந்தது இருவருக்கும் தெரியும். ஏன் நனைந்தது என்று விளக்கம் மட்டும் சொல்கிறார். "தெரு நனைந்திருக்கிறது, அதனால் மழை பெய்திருக்க வேண்டும்." இது வாதம். கேட்பவர் இன்னும் நம்பாத ஒன்றை நம்பவைக்கப் பார்க்கிறது. இரண்டிலும் 'அதனால்' இருக்கிறது, சொல்லை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கேட்க வேண்டிய கேள்வி: 'அதனால்' என்பதற்குப் பிறகு வருவதில் யாருக்காவது சந்தேகம் உண்டா? உண்டென்றால் வாதம், இல்லையென்றால் விளக்கம்.

படத்தில் காரணத்திலிருந்து முடிவுக்குப் போகும் அம்பைத் தலைகீழாகப் போடும் தவறு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. உலகத்தில் மழையிலிருந்து ஈரம் வருகிறது. வாதத்தில் ஈரத்திலிருந்து மழைக்குப் போகிறோம். நாம் வரைவது வாதத்தின் அம்பு.

காட்டிக்கொடுக்கும் சொற்கள்

'எனவே', 'ஆகவே', 'ஆக', 'அப்போ' வந்தால் அடுத்து வருவது முடிவு. 'ஏனென்றால்', 'ஏன்னா' வந்தால் அடுத்து வருவது காரணம். 'என்பதால்' வந்தால் காரணம் அதற்கு முன்னால் இருக்கும், அதாவது இடப்பக்கம் தேட வேண்டும். 'வேண்டும்', 'கூடாது', 'வாங்கலாம்', 'போயிருக்கும்' போன்ற முடிப்புகள் முடிவுக்கான வாசனை. வாக்கியக் கடைசியில் 'தானே', 'இல்லையா', அல்லது ஒரு நீட்டிய ஏகாரம் ('கொடுத்தோமே!') இருந்தால், பேசுபவர் அதை எல்லாரும் ஒப்புக்கொண்ட காரணமாக வைக்கிறார் என்று பொருள். உண்மையில் ஒப்புக்கொண்டார்களா என்பது வேறு கதை. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் எழுத்தில் படமே மாறும் இடம் ஒன்று உண்டு. 'விலை குறைந்தால் வாங்கலாம்' என்பது ஒரே கூற்று. விலை குறைந்தது என்று அவர் சொல்லவே இல்லை. அதை இரண்டாக வெட்டக் கூடாது. 'விலை குறைந்ததால் வாங்கலாம்' என்பது இரண்டு கூற்று, நடுவில் ஓர் அம்பு. வேகமாகப் பேசும்போது இந்தத் தகரம் காதில் விழாமல் போகும். 'இதுவோ அதுவோ நடக்கும்' என்பதும் அப்படித்தான், ஒரே கூற்று.

சொல் எதுவுமே இல்லையா? இரண்டு கூற்றுக்கும் நடுவில் 'ஏனென்றால்' போட்டுப் படியுங்கள். வரிசையை மாற்றி மறுபடி படியுங்கள். எந்த வரிசை ஒட்டுகிறதோ அதில் முன்னால் இருப்பது முடிவு.

ஒரு பேச்சை எடுத்துப் பிரிப்போம்

"இந்த ஃப்ரிட்ஜை இனி ரிப்பேர் பண்ண வேணாம், புதுசு வாங்கிடலாம். பன்னிரண்டு வருஷம் ஓடிடுச்சு. போன வருஷம்தான் கம்ப்ரசர் மாத்தினோம், இப்போ கேஸ் லீக். இதைச் சரிபண்ணினாலும் ஆறு மாசத்துல வேற ஏதாவது போகும். அதுமட்டுமில்ல, கரண்ட் பில் எகிறுறதே இதனாலதான். செலவாகும்னு அம்மா சொல்வாங்க, ஆனா ரிப்பேருக்கே வருஷா வருஷம் கொட்டுறோமே! எவனாவது இப்படி ஒண்ணை வச்சுட்டு மாரடிப்பானா?"

ஒவ்வொரு கூற்றையும் தனியாக நிற்கும் முழு வாக்கியமாக எழுதி எண் கொடுங்கள். 'இது', 'அது', 'அப்படி' எதையும் விடாமல் பெயராக மாற்றுங்கள். 'இது சரியில்லை' என்று எழுதி வைத்தால் பத்து நிமிடம் கழித்து எழுதியவருக்கே எது என்று தெரியாது.

1. ஃப்ரிட்ஜை ரிப்பேர் செய்யாமல் புதியது வாங்க வேண்டும்.
2. ஃப்ரிட்ஜ் வாங்கி 12 வருடம் ஆகிறது.
3. போன வருடம் அதன் கம்ப்ரசரை மாற்றினோம்.
4. இப்போது அதில் கேஸ் கசிகிறது.
5. கசிவைச் சரிசெய்தாலும் 6 மாதத்தில் வேறு பழுது வரும்.
6. மின்கட்டணம் கூடுவது இந்த ஃப்ரிட்ஜால்தான்.
7. புதியது வாங்கினால் செலவாகும்.
8. ரிப்பேருக்கு ஒவ்வொரு வருடமும் செலவாகிறது.

கடைசி வரிக்கு எண் கிடையாது. அது ஆத்திரம், காரணம் இல்லை. ஆனால் கேள்வியாக வருவதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 'இதுக்கு யார் காசு கொடுப்பாங்க?' என்பது 'யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்' என்ற கூற்று. அதற்கு எண் உண்டு. ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால் இரண்டுக்கும் ஒரே எண். இல்லாவிட்டால் இரண்டு காரணம் இருப்பதுபோல் படம் பருத்துக் காட்டும்.

அம்பு போடுவது

ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெட்டி. முடிவைத் தாளின் மேல்பக்கம் நடுவில் வையுங்கள். காரணங்கள் கீழே வளரட்டும், அம்பு மேல்நோக்கிப் போகட்டும். முடிவைக் கீழே வைத்து வரைபவர்களும் உண்டு. தவறில்லை, ஆனால் புதிய காரணம் வரும்போது இடம் கிடைக்காது.

5 ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. 2, 3, 4 ஆகியவற்றுக்கு அது முடிவு. 1-க்கு அது காரணம். இதை இடைமுடிவு என்று வைத்துக்கொள்வோம். இதைக் கவனிக்காமல் எல்லா எண்ணையும் நேராக 1-க்கு இழுப்பது பொதுவான பிழை. படம் விசிறிபோல விரிந்து எல்லா அம்பும் ஒரே இடத்தில் குத்தினால், இடைமுடிவு ஒன்றைத் தவறவிட்டீர்களா என்று மறுபடி பாருங்கள்.

அடுத்து, காரணங்கள் சேர்ந்து நிற்கின்றனவா, தனித்தனியாகவா? ஒன்றைக் கையால் மறைத்துப் பாருங்கள். 3-ஐ மறைத்தால் 4 வெறும் ஒரு பழுதாகிவிடுகிறது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு பழுது வந்தால் அடுத்ததும் வரும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். 'அடுத்தடுத்துப் பழுது' என்ற எண்ணம் இரண்டும் சேரும்போதுதான் வருகிறது. அதனால் 3, 4 இரண்டையும் கூட்டல் குறியால் இணைத்து, அடியில் ஒரு கோடிட்டு, ஒரே அம்பு. 2 தனி ஆள். பழையது என்பதே ஓரளவுக்குப் போதும். அதற்குத் தனி அம்பு. 'அதுமட்டுமில்ல' என்று தொடங்கியதால் 6-உம் தனி.

இந்தப் பிரிப்பு அலங்காரத்துக்கு இல்லை. கூட்டுக் காரணத்தில் ஒன்று விழுந்தால் அந்த அம்பு முழுதும் விழும். தனிக் காரணம் விழுந்தால் மற்றது நிற்கும்.

சொல்லாமல் விட்டது

5-லிருந்து 1-க்குத் தாவ ஒரு பலகை வேண்டும்: 'அடிக்கடி பழுதாகும் ஃப்ரிட்ஜை ரிப்பேர் செய்வதைவிட மாற்றுவது லாபம்' (அ). 6-லிருந்து தாவ இன்னொன்று: 'புதிய ஃப்ரிட்ஜ் குறைவாக மின்சாரம் இழுக்கும்' (ஆ). இவற்றுக்கு எண் வேண்டாம், எழுத்துக் கொடுத்துப் புள்ளிக்கோட்டுப் பெட்டியில் எழுதுங்கள். அவர் சொன்னது எது, நாம் சேர்த்தது எது என்று கலந்துவிடக் கூடாது. 1958-ல் தத்துவவாதி ஸ்டீஃபன் டூல்மின் தந்த வாத அமைப்பில், தரவுக்கும் முடிவுக்கும் இடையில் இந்தப் பலகைக்கென்றே தனி இடம் உண்டு.

பலகையை அளவாக வெட்டுவதுதான் கடினம். 'பழைய பொருள் எல்லாமே குப்பை' என்று எழுதினால் உடைப்பது சுலபம், ஆனால் அவர் அப்படி நினைக்கவில்லை. பேசியவரிடம் காட்டினால் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று அவர் தலையாட்ட வேண்டும். அந்த அளவு போதும்.

'பக்கத்து வீட்டிலும் இப்படித்தான் ஆச்சு' என்று உதாரணம் வந்தால் அதற்கும் ஒரு பலகை உண்டு: இரண்டும் ஒரே மாதிரி என்பது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) என்று பிரிப்பதும் இதே வேலைதான். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. அடுக்களையும் மலையும் எந்த விதத்தில் ஒன்று என்று கேட்கத் தெரிந்தால் பாதி உதாரணங்கள் பல்லிளித்துவிடும்.

மறுப்புகள், சிவப்பில்

7 எதிர்ப்பக்கம். 1-ஐ நோக்கி ஒரு சிவப்பு அம்பு. 8 அந்த 7-க்குப் பதில், ஆனால் எங்கே குத்துகிறது என்று பாருங்கள். 'செலவாகும்' என்பதை 8 மறுக்கவில்லை. 'செலவாகும், அதனால் வாங்கக் கூடாது' என்ற தாவலைத்தான் வெட்டுகிறது. ஆகவே 8-இன் அம்பு 7 என்ற பெட்டியில் முடியாது. 7-லிருந்து 1-க்குப் போகும் அம்பின் நடுவயிற்றில் முடியும். பெட்டியை மறுப்பதும் அம்பை மறுப்பதும் வேறு வேறு. வாய்ச்சண்டை சுற்றிச் சுற்றி வருவது பெரும்பாலும் ஒருவர் பெட்டியையும் மற்றவர் அம்பையும் தாக்கிக்கொண்டிருப்பதால்தான்.

முழுப் படத்தையும் வரியாக எழுதினால் (✗ இருப்பது சிவப்பு அம்பு):

2 → 5
3 + 4 → 5
5 + அ → 1
6 + ஆ → 1
7 –✗→ 1
8 –✗→ (7 → 1)

எங்கேயாவது அம்பு கிளம்பிய பெட்டிக்கே திரும்பி வந்தால், அது உங்கள் வரைதல் பிழையா, அவர் உண்மையிலேயே வட்டமடிக்கிறாரா என்று மூலப் பேச்சைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

படத்தைப் படிப்பது

அடியில் தொங்கும் பெட்டிகளைப் பாருங்கள். அவற்றுக்குக் கீழே எதுவும் இல்லை, அவர் வாய்ச்சொல்தான் ஆதாரம். 2, 3, 4 எல்லாம் பில்லைப் பார்த்தோ கண்ணால் பார்த்தோ தெரிந்துகொள்ளலாம். 6 அப்படியில்லை. அது ஒரு காரணகாரிய முடிவு, ஆனால் கீழே ஒன்றுமே இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. பிளக்கில் செருகும் மின் அளவி ஒன்றை 24 மணி நேரம் வைத்துப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, எழுதி வைத்ததால்தான் தெரிகிறது. கேஸ் குறைந்தால் குளிர்ச்சி எட்டாமல் கம்ப்ரசர் விடாமல் ஓடும், மின்சாரமும் கூடும். அப்படியானால் 6 தனிக் காரணமே இல்லை, 4-இன் விளைவாக இருக்கலாம். கசிவை அடைத்தால் பில்லும் இறங்கலாம். 4-லிருந்து 6 + ஆ என்ற அம்பின்மேல் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள்.

3 + 4-ஐயும் மறுபடி பாருங்கள். கம்ப்ரசரை மாற்ற வேண்டுமென்றால் குழாயை வெட்டி, மறுபடி பற்றவைத்து, கேஸ் நிரப்ப வேண்டும். அந்தப் பற்றவைப்பிலேயே கசிந்தால் இது இரண்டு பழுது இல்லை, ஒரே அரைகுறை வேலை. 5-க்குப் போகும் பெரிய அம்பு அங்கேயே அறுந்துவிடும். ஆக, மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கசிவு கம்ப்ரசர் பக்கத்து இணைப்பிலா, ஃப்ரிட்ஜின் சுவருக்குள் நுரையில் புதைந்த குழாயிலா? இணைப்பில் என்றால் 1 ஆட்டம் காணும். உள்ளே என்றால் அதை எட்டிச் சரிசெய்வது கடினம். 1-க்குக் கீழே இதுவரை யாரும் சொல்லாத ஒரு காரணம் 9 என்ற எண்ணோடு வந்து சேரும்.